ஜெயமேரி டீச்சருக்கு முன்னால் நடந்தவன்

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பவை:

1. செய்தி வந்த விதம்.
2. நாங்கள் ஏரிக்கரைக்கு நடக்கப் போனது.
3. கரையின் சட்டம்.
4. டீச்சர் எப்போதும் எனக்குப் பின்னால் நடந்ததன் காரணம்.
5. மூங்கில் படல் திறந்த நாள்.
6. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.

எதை எழுதினாலும் முதலில் இப்படிக் குறிப்பு எடுத்துக்கொள்வது என் பழக்கம். பாடக்குறிப்பு எழுதியே கழிந்த வாழ்க்கை. "சார் தும்முறதுக்கு முன்னாடியும் தலைப்பு போட்டுக்குவாரு" என்று நம் பள்ளி ஆசிரியர் அறையில் ஜெயமேரி டீச்சர் என்னைக் கேலி செய்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். அவர் விளையாட்டு ஆசிரியை. நான் பூகோள ஆசிரியர். எந்தப் பந்தையும் சரியாகப் பிடித்ததில்லை. ஆனால் அவருடைய கடைசி இரண்டு வருடங்களில் அவரோடு அதிகம் நடந்தவன் நான். அந்த ஒரு காரணத்தால் எழுதுகிறேன்.

அன்று காலை வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். டீச்சர் வரும் நேரம். அவருக்குப் பதிலாகத் தெருமுனையில் பச்சையம்மா வந்துகொண்டிருந்தார். பச்சையம்மா உப்பளத்தில் வேலை செய்பவர். ஏரிக்கரையில் தினமும் எங்களுக்கு எதிரே வருபவர். எங்கள் தெருவில் அவருக்கு எந்த வேலையும் கிடையாது. அதனால்தான் அவரைப் பார்த்ததும் வாசற்படியை விட்டு இறங்கினேன்.

"சார், இன்னைக்கு நடக்கப் போவாதீங்க."

"ஏன், கரை ஒடைஞ்சிடுச்சா?"

"டீச்சரம்மா பூட்டாங்க சார்."

"எந்த டீச்சர்?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். வேறு ஒரு டீச்சரின் பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசைதான். பச்சையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூக்கத்திலேயே மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது.

அவரும் நானும் 2004 கோடையில் ஒன்றாக ஓய்வு பெற்றோம். எனக்குச் சர்க்கரை இருந்ததால் டாக்டர் நடக்கச் சொன்னார். நான் ஈசிஆர் ரோட்டின் ஓரமாக, கடைகளின் கூரையை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். ஒருநாள் டீச்சர் எதிரே வந்து நின்றார்.

"ரோட்டுல நடந்தீங்கன்னா சர்க்கரை உங்களைக் கொல்லாது சார், லாரி கொன்னுடும். ஏரிக்கரைக்கு வாங்க."

எனக்குத் தோன்றிய ஆட்சேபங்களை வரிசையாகச் சொன்னேன். பாம்பு இருக்கும். மழை பெய்தால் வழுக்கும். நாய்கள் உண்டு. எனக்கு நீச்சல் தெரியாது.

"எனக்குந்தான் தெரியாது. விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கலாம்" என்றார்.

கழுவெளி ஏரியைப் பல வருடம் கரும்பலகையில் வரைந்தவன் நான். கடல்நீர் எங்கே உள்ளே நுழைகிறது, நல்ல தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். அதன் கரையில் கால் வைத்ததில்லை. முதல் நாள் போய் நின்றபோதுதான், நான் ஒரு விரற்கடை அகலத்துக்கு வரைந்த தண்ணீர் கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடக்கிறது என்று தெரிந்தது. மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது.

ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் உப்பளப் பாத்திகள். நடுவில் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு மண்கரை. அந்த அகலத்துக்குள்தான் எல்லோரும் போக வேண்டும்: மேற்கே உள்ள ஊர்களிலிருந்து உப்பளத்துக்கு வரும் பெண்கள், மீன்கூடை கட்டிய சைக்கிள், டிவிஎஸ் ஃபிப்டி, ஆட்டு மந்தை, பள்ளிப் பிள்ளைகள், மழை முடிந்த மாதங்களில் பூநாரை பார்க்க ஆரோவில் பக்கத்திலிருந்து வரும் வெள்ளைக்காரர்கள். முதலில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஐந்து பேர் போனோம். அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று மூவர் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் நின்றிருப்பேன். டீச்சர் வாசலில் வந்து நின்று, "சட்டையைப் போடுங்க சார்" என்றார். அதை மீறும் துணிச்சலும் எனக்கு இல்லை.

அந்தக் கரைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. தலையில் சுமை இருப்பவருக்குக் கரையின் நடு. வெறுங்கையோடு வருபவர் சரிவில் இறங்கி வழிவிட வேண்டும். சுமைக்கு எதிரே சுமை வந்தால், காற்று முகத்தில் அடிப்பவருக்கு வழி. காற்றை முதுகில் வாங்குபவர் இறங்க வேண்டும். இதில் பணக்காரர் ஏழை, ஆண் பெண் எதுவும் கிடையாது. சுமையோடு வருபவர் தூரத்திலேயே "சுமை வருது" என்று குரல் கொடுப்பார். அவ்வளவுதான்.

எனக்கு இது தெரியாது. நான் எல்லோருக்கும் இறங்கினேன். சைக்கிளுக்கு இறங்கினேன், பிள்ளைகளுக்கு இறங்கினேன், ஒருநாள் ஆட்டு மந்தைக்கும் இறங்கிச் சேற்றில் செருப்பை விட்டேன்.

"சார், ஆட்டுக்கெல்லாம் எறங்காதீங்க. அது என்ன சொமையா தூக்கிட்டு வருது?" என்றார் டீச்சர்.

எதிரே வந்த பச்சையம்மா சிரித்துவிட்டார். "அதில்ல டீச்சரம்மா, நாங்க வெறுங்கையோட வந்தாலும் சார் எறங்குறாரு. எங்களுக்கு வெக்கமா இருக்குது. ஊருல போய்ச் சொன்னா எம் மருமவ நம்ப மாட்டேங்குறா."

முதுகில் பெரிய பை மாட்டிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, சுமையோடு வந்த பெண்களுக்கு வழிவிடாமல் நின்ற ஒரு மாலையும் நினைவிருக்கிறது. காலை நடை தவறினால் நாங்கள் மாலையில் போவோம். டீச்சர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சட்டத்தை விளக்கினார். எங்கள் முதுகில் இருப்பதும் சுமைதானே என்று அவர்கள் கேட்டார்கள். நான் கூட அது நியாயமான கேள்வி என்று நினைத்தேன். டீச்சர் அதைத் தமிழில் சொன்னதும் பச்சையம்மா தலையில் விறகுக் கட்டோடு நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்: "முதுவுல இருக்கறவங்களால குனிஞ்சு எறங்க முடியும். தலையில இருக்கறவங்க எறங்குனா கட்டு முன்னாடி எறங்கிடும்." அவர்கள் இறங்கினார்கள். அடுத்த முறை தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

டீச்சர் ஒருநாளும் எனக்கு முன்னால் நடந்ததில்லை. இரண்டு பேர்தான் என்று ஆன பிறகும் நான் முன்னால், அவர் இரண்டடி பின்னால். பக்கத்தில் வாருங்கள், பேசிக்கொண்டு நடக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க நடங்க சார்" என்பார். அதோடு, எதிரே வருவதையும் வழியில் இருப்பதையும் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "எதிர்ல சைக்கிள். இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் வேலிகாத்தான் முள் நீட்டிக்கிட்டு இருக்குது." முணுமுணுத்தால் விடமாட்டார். "சத்தமா சார். கிளாஸுல கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

உப்பளத்துப் பெண்கள் எனக்கு ரயில்வே ஸ்டேஷன் சார் என்று பெயர் வைத்தார்கள். "டீச்சரம்மா, சாருக்கு ஒரு மைக் வாங்கிக் குடுங்களேன்" என்பார் பச்சையம்மா.

சட்டையிலும் அவர் கண்டிப்பு. வெள்ளைதான். ஒருநாள் துவைத்த வெள்ளை காயாததால் சாம்பல் நிறச் சட்டையில் போனேன். பனிமூட்டமான காலை. கொஞ்ச தூரம் வந்ததும் டீச்சர் நின்றுவிட்டார். "இன்னைக்கு வேணாம் சார், திரும்பலாம்." குரலில் கோபம் இருந்தது. திரும்பும்போது மட்டும் என் பக்கத்திலேயே, மிக அருகில் நடந்தார். நடைக்கும் சீருடை உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். என் முடிவு இது. அணிவகுப்பில் பின்னால் நிற்பவர்தான் யாரும் விடுபடாமல் பார்க்க முடியும். அது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம். இன்னொன்று, வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்றே பழகிய என்னை முன்னால் நிறுத்தி, வாயைத் திறக்க வைத்துச் சரிசெய்யப் பார்த்தார். அவருடைய பள்ளியில் நான் கடைசியாகச் சேர்ந்த மாணவன். அந்த எண்ணத்தில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

இனி, படல் விஷயம்.

2005 மழையில் கரை இரண்டு இடங்களில் அரித்துப்போனது. கரையின் கிழக்கு முனையை ஒட்டிய பாத்திகளைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்திருந்த கோதண்டம் என்பவர் தம் டிராக்டரில் மண் கொண்டுவந்து கொட்டி அதைச் சரிசெய்தார். அதுவரை நல்ல காரியம். ஆனால் தை மாதம் உப்பு வேலை தொடங்கியபோது அந்த இடத்தில் ஒரு மூங்கில் படல் நின்றது. இரண்டு பக்கமும் முள் அடைத்திருந்தது. மண் போட்டவன் நான், மூடுவதும் நான் என்றார். அவருடைய டிராக்டர் போகக் கரை தேவைப்பட்டது.

மேற்கிலிருந்து வரும் பெண்களுக்கு அதன் பொருள் மிக எளிமையானது. ரோடு வழியாகச் சுற்றி வந்தால் உப்பளத்தில் வேலையைப் பிரித்துக் கொடுத்து முடித்திருப்பார்கள். வேகமாக நடக்க முடிந்த இளம்பெண்கள் சமாளிப்பார்கள். பச்சையம்மா வயதுக்காரர்களுக்கு அந்த வருடத்தோடு வேலை போய்விடும். "சுத்திப் போனா எம் முட்டி உப்பளத்துக்கு வராது சார். நான் மட்டுந்தான் வருவேன்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

நான் அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன். வாங்கிக்கொண்டவர்கள் பார்க்கலாம் என்றார்கள். டீச்சர், "மனு அவங்க மேசையில நடக்கட்டும் சார். நாம கரையில நடப்போம்" என்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கோதண்டத்திடம் போனார்.

கோதண்டம் முரடர் அல்லர். பேச்சுத் தெரிந்தவர். "என்ன டீச்சர், கரை சட்டம் எனக்குத் தெரியாதா? எங்கம்மா இந்தக் கரையில உப்பு செமந்தவங்க. சொமைக்குத்தானே வழி? இவங்க காலையில கையை வீசிக்கிட்டுதானே வர்றாங்க. வெறுங்கைக்கு எதுக்கு நடு? எறங்கி ரோட்டுல சுத்திப் போவட்டும்" என்றார்.

நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். டீச்சர், "சரிங்க" என்று மட்டும் சொல்லித் திரும்பிவிட்டார். பாதி வழி வந்ததும் கேட்டார்: "சார், உங்க தலை எவ்ளோ வெயிட்டு தாங்கும்?"

"என் தலை இதுவரைக்கும் எதையும் தூக்கினதில்ல டீச்சர்."

"உள்ள தூக்குனது போதும். வெளிய தூக்குங்க."

அந்தச் சனிக்கிழமை விடியும்போது நாங்கள் பஸ் பிடித்து மேற்கே பச்சையம்மாவின் ஊருக்குப் போனோம். நடையை நிறுத்தியிருந்த ஆசிரியர்களும் வந்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் வந்தீர்கள். பெண்கள் விறகுக் கட்டுகளோடு காத்திருந்தார்கள். வழக்கமாக, வேலை முடிந்து கரையோரம் வெட்டிய விறகு மாலையில் ஊருக்குப் போகும். அன்று காலையில் உப்பளத்துக்குக் கிளம்பியது.

"உப்பளத்துக்கு எதுக்கு வெறகுன்னு கேட்டா என்னாடி சொல்றது?" என்று ஒருவர் கேட்டார்.

"உப்புக்குக் குளுருதுன்னு சொல்லு" என்றார் பச்சையம்மா.

டீச்சர் தம் பழைய துண்டைச் சுருட்டிச் சும்மாடு செய்து என் தலையில் வைத்தார். அதன் மேல் கட்டு ஏறியது. கழுத்து உள்ளே போய்விட்டது போல இருந்தது. நான் சொன்னேன்: "டீச்சர், இன்னைக்காவது நீங்க முன்னாடி போங்க. கூட்டிட்டு வந்தது நீங்கதானே."

"இன்னைக்குத்தான் நீங்க முன்னாடி போவணும். போங்க சார், நான் பின்னாடியே இருக்கேன்." அவர் தலையிலும் ஒரு கட்டு இருந்தது.

இப்படியாக, அந்த ஊர்வலத்துக்கு முன்னால் போனவன் நான். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. பழக்கத்தில் சொல்லிக்கொண்டே போனேன்: இடது பக்கம் பள்ளம், புது மண், காலை அழுத்தி வையுங்கள். படல் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம், கரையின் நடுவில், கோதண்டம் வெள்ளை வேட்டியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் படலைப் பிடித்தபடி வயதான காவல்காரர்.

என் கால் தயங்கியது. பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "சொல்லுங்க சார். கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

"சுமை வருது!" என்றேன். குரல் உடைந்து வந்தது. ஆனால் வந்தது. எனக்குப் பின்னால் அத்தனை பெண்களும் சேர்ந்து சொன்னார்கள்.

"டேய், தொறக்காத!" என்று கோதண்டம் காவல்காரரிடம் கத்தினார். அவர் விழித்தார். "நான் என்னாங்க பண்றது? சொமை வருதுங்களே" என்று சொல்லிக்கொண்டே படலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். கோதண்டம் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் நிற்கவில்லை. நிற்கத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. தலையில் சுமை இருக்கும்போது நிற்பது நடப்பதைவிடக் கடினம். நான் மூன்றடி தூரத்துக்கு வந்ததும் கோதண்டத்தின் கால் இறங்கியது. அவர் இறங்கவில்லை, அவர் கால் இறங்கியது. அவர் முகத்தில் கோபம் அப்படியே இருக்க, கணுக்கால் சேற்றில் புதைந்திருந்தது. வேட்டி நுனி கறுத்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அந்தக் கரையில் சுமையைப் பார்த்து இறங்கிய கால் அது. குத்தகைக்கு எடுத்தது அதற்குத் தெரியாது.

அவர் குனிந்து தம் காலைப் பார்த்தார். பிறகு பச்சையம்மா, "மொதலாளி ஆத்தா பேரைக் காப்பாத்திட்டாரு" என்றார். கேலி இல்லாமல்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கோதண்டம் சேற்றிலிருந்து காலை இழுத்துக்கொண்டே, "போங்க, போங்க. கரை என்ன எங்கப்பன் வூட்டுதா" என்றார். அந்தப் படல் அடுத்த வாரம் அவருடைய உப்புக் குவியலுக்கு மறைப்பாகிப் போயிற்று. கரை இன்றும் திறந்திருக்கிறது.

சுமையை இறக்கிய பிறகு டீச்சர் என் தோளில் கை வைத்து நின்றார். வெகு நேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. "நல்லா நடந்தீங்க சார்" என்றார். என் பணிக்காலத்தில் எனக்கு ஒரு விருதும் வந்ததில்லை. அன்று வந்தது.

அவரை அடக்கம் செய்த அன்று, மாதா கோவிலிலிருந்து கல்லறைக்குப் போகும் வழியில் சந்தைக் கூட்டம். பெட்டியைத் தோளில் தூக்கியவர்கள் நகர முடியாமல் நின்றார்கள். உப்பளத்திலிருந்து அப்படியே வந்திருந்த பெண்கள், காலில் வெள்ளையாய்ப் பூத்த உப்போடு, பெட்டிக்கு முன்னால் போய்க் குரல் கொடுத்தார்கள். "சுமை வருது." தெரு அப்படியே விலகியது. மொபெட்டில் வந்த ஒருவர் வண்டியைச் சாக்கடை ஓரம் இறக்கிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தேன். கோதண்டம்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று அந்தச் சும்மாடுத் துண்டு. திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வச்சுக்கங்க சார், மறுபடி தேவைப்படும்" என்றார். இன்னொன்று, கரையில் நடக்கும்போது வழியைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம். இப்போது தனியாகத்தான் போகிறேன். ஆனாலும் வாய் சொல்கிறது. பச்சையம்மா நேற்று, "யாருக்கு சார் சொல்றீங்க?" என்று கேட்டார். "எதிர்ல சைக்கிள்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தேன். பெயர், விவரம் எதுவும் தவறிவிடக் கூடாதே என்று, டீச்சரோடு ஒரே வீட்டில் இருந்த அவர் தங்கை ஸ்டெல்லாவிடம் வாசித்துக் காட்டினேன். நான்காவது பகுதி வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அக்கா உங்ககிட்ட சொல்லவே இல்லையா சார்?"

"என்னம்மா?"

"அவங்களுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு தெரியாது. நேரா மட்டுந்தான் தெரியும், அதுவும் கொழாய் வழியா பாக்குற மாதிரி. ரிட்டையர் ஆவறதுக்கு முந்தியே பாண்டியில டாக்டர் சொல்லிட்டாரு, தனியா வெளிய போவக் கூடாதுன்னு. ஏரிக்கரைக்குப் போவாதேன்னு நான் எவ்ளோ சண்டை போட்டிருப்பேன் தெரியுமா? அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா?" ஸ்டெல்லா அக்காவைப் போலவே குரலை மாற்றிச் சொன்னார். "'முன்னாடி சார் போறாரு, ஸ்டெல்லா. அவரு பயந்த மனுசன். பயந்தவன் கால் வைக்கிற எடத்துல பள்ளம் இருக்காது. தைரியசாலி பின்னாடி போனாத்தான் தண்ணியில விழுவேன்.'"

வெள்ளைச் சட்டை, சத்தமான அறிவிப்பு, பனிமூட்டத்தில் திரும்பியது, சுமை இறக்கிய பின் தோளிலிருந்து எடுக்காத கை. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின.

ஆகவே என் நான்காவது குறிப்பு தவறு. அடித்துத் திருத்தியிருக்கலாம். அப்படி நம்பிக்கொண்டுதான் அந்தக் கரையில் நடந்தேன் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். அவர் என்னை முன்னால் தள்ளவில்லை. என் பின்னால் வந்தார்.